வில் ஏந்திய காமாட்சியும் வழக்குப் போட்ட காமாட்சியும்

(மாணவி, இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் பாதிப் பக்கம் காதல் கவிதையாகத்தான் இருக்கும். "நிலவே", "கனவே" என்று எழுத நம்ம கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நானும் காதலில்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் போய் முடியப் போவது கோர்ட்டில்! நடுவில் காஞ்சிபுரம், செஞ்சி, தஞ்சாவூர் என்று ஒரு சுற்று இருக்கிறது. பொறுமையாக வாருங்கள்.

காதலுக்குத் தெய்வம் யார் என்று கேட்டால் உடனே மன்மதன், ரதி என்று சொல்லிவிடுவோம். "ரதி மாதிரி இருக்கா" என்று பெண்ணைப் புகழ்கிறோம். ஆனால் ரதிக்கு என்று தனிக்கோயில் கட்டிக் கும்பிடுகிற பழக்கம் நம்மிடம் கிடையாது. பெரும்பாலும் மண்டபத் தூணில் அன்னப்பறவை மேல் சிற்பமாக உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். புருஷனோ சாம்பலாகிப் போனவன். தவத்தில் இருந்த சிவன் மேல் மலர் அம்பு விட்டான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், கதை முடிந்தது. ரதி அழுது மன்றாடியதால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவனுக்கு உயிர் கிடைத்தது என்பது புராணம்.

இந்தக் கதையை வைத்துத்தான் மாசி மாதத்தில் காமன் பண்டிகை நடக்கிறது. காமனுக்குக் கம்பம் நட்டு, சில நாள் பாட்டுப் பாடி, கடைசியில் அதைக் கொளுத்துவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இதோடு லாவணி என்று ஒன்று உண்டு. இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்து, டேப் அடித்துக்கொண்டு, பாட்டிலேயே வாதம் செய்வார்கள். ஒரு கட்சி "மன்மதன் எரிந்தான்" என்று சாதிக்கும். இன்னொரு கட்சி "எரியவே இல்லை" என்று மறுக்கும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே இவற்றுக்குப் பெயர். விடிய விடிய நடக்கும். லாவணி என்பது மராட்டியச் சொல். தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர்களோடு இந்தக் கலை நம்ம நாட்டுக்கு வந்தது. மராட்டியர், தஞ்சாவூர், வாதம் என்ற மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த இரண்டு கட்சிக்காரர்களையும் விட்டுவிட்டு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மன்மதன் எரிந்தானோ இல்லையோ, அவன் கையில் இருந்த கரும்பு வில் எங்கே போச்சு?

பதில் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் காஞ்சிபுரம் போய் வருகிறவர்கள் நம்ம ஆரணிப் பக்கத்தில் ஏராளம். அவர்களில் பாதிப் பேராவது காமாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒரு நடை போயிருப்பார்கள். அடுத்த முறை போனால் அம்மன் கையைக் கவனியுங்கள். பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மனுக்கு நான்கு கை. பாசம், அங்குசம், கரும்பு வில், மலர் அம்பு. மன்மதனுடைய ஆயுதம் அப்படியே அம்மன் கைக்கு வந்துவிட்டது! சிவன் எரித்ததை அம்மன் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று கொள்ளலாம். "அட்சி" என்றால் கண். விருப்பம் நிறைந்த கண்ணுடையவள் காமாட்சி. கா என்றால் சரஸ்வதி, மா என்றால் லட்சுமி, இருவரையும் கண்ணாகக் கொண்டவள் என்று இன்னொரு விளக்கமும் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. கையில் கரும்பு வில்லை வைத்துக்கொண்டு வேறு எதற்கு இவ்வளவு சுற்றி விளக்கம்?

காஞ்சிபுரத்தில் எத்தனையோ சிவன் கோயில் இருந்தும், எல்லாவற்றுக்கும் சேர்த்து அம்மன் சந்நிதி காமாட்சி கோயில்தான் என்பது அந்த ஊர் வழக்கம். நம்ம வீடுகளிலோ கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குக் காமாட்சி விளக்கோடுதான் போகிறாள். சீர் வரிசையில் கட்டில், பீரோவுக்கு முன்னால் பெட்டியில் ஏறுவது அதுதான். ஆக, நம்ம ஊரில் காதல் தெய்வம் என்று ஒருத்தி இருந்தால் அது காமாட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எரியாத கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மன் ஊரை விட்டுப் போன கதை.

காஞ்சிக் கோயிலில் மூலவர் சிலை தவிர, தங்கத்தால் ஆன ஒரு காமாட்சியும் இருந்தாள். பங்காரு காமாட்சி என்று பெயர். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். படையெடுப்புக் காலத்தில், தங்கச் சிலை என்று தெரிந்தால் உருக்கிவிடுவார்கள் என்று பயந்து, அர்ச்சகர்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். முகத்திலும் உடம்பிலும் புனுகைப் பூசி, பல்லக்கில் வைத்து, திரை போட்டு, "குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். அம்மை என்றால் எவன் கிட்டே வருவான்? இது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. இதே மாதிரி காஞ்சி வரதராஜப் பெருமாளையும் ரகசியமாக உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆனால் பெருமாள் 1710-ல் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். தங்கக் காமாட்சி திரும்பவே இல்லை.

அம்மன் போன வழியில் முதலில் சொல்லப்படும் பெரிய ஊர் செஞ்சி. நம்ம சேத்துப்பட்டில் பஸ் ஏறினால் வளத்தி வழியாகப் போகிறோமே, அதே செஞ்சிதான்! அங்கிருந்து உடையார்பாளையம், பிறகு பல ஊர், திருவாரூர், கடைசியில் தஞ்சாவூர். அந்தக் காலத்தில் நம்ம பக்கம் நிம்மதியாக இருந்த ஊர் எது? ஆரணியிலேயே 1751-ல் ஒரு சண்டை, 1782-ல் ஒரு சண்டை. முதலாவதில் கிளைவ், இரண்டாவதில் ஐதர் அலி. அம்மன் தெற்கே போய்க்கொண்டே இருந்ததில் ஆச்சரியமில்லை.

தஞ்சாவூரில் மராட்டிய ராஜாக்கள் ஆதரவில் மேல ராஜ வீதியில் கோயில் கட்டி அம்மனை வைத்தார்கள். தூக்கிக்கொண்டு வந்த அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி (1762–1827). சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். அவருடைய பாட்டுகளில் நிறைய இந்த அம்மன் மேல்தான்.

இப்போது இரண்டாவது காமாட்சி. இவள் மனுஷி. ராணி. இதே தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தவள். பெயர் காமாட்சி பாய். மராட்டியக் குடும்பத்தில் இந்தப் பெயர் எப்படி என்று யோசிக்கவே வேண்டாம். கூப்பிடு தூரத்தில் அம்மன் கோயில் இருக்கிறது.

இவளுடைய கணவர் இரண்டாம் சிவாஜி ராஜா. 1832 முதல் 1855 வரை பட்டத்தில் இருந்தார். ராஜா என்று பெயர்தானே தவிர நாடு கையில் கிடையாது. அவருடைய அப்பா இரண்டாம் சரபோஜி 1799-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு ஆட்சியை ஒப்படைத்துவிட்டார். கம்பெனி ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகனும், வருமானத்தில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கும் தரும். கோட்டை மட்டும் ராஜாவுக்கு. சரபோஜி அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார், ஓலைச்சுவடி சேர்த்தார், சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். அது தனிக் கட்டுரைக்கு ஆகும். இங்கே வேண்டாம்.

1855 அக்டோபரில் சிவாஜி ராஜா இறந்தார். ஆண் வாரிசு இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். இருந்தாலும் என்ன? "வாரிசு இல்லை" என்று கம்பெனி எழுதிவிட்டது. இரண்டு பேர் உயிரோடு இருக்கும்போது வாரிசு இல்லை என்று எழுதுகிற பேனா எப்படிப்பட்ட பேனாவோ! அப்போது டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரல். ஆண் வாரிசு இல்லாத ராஜ்யங்களை வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்த காலம். 1848-ல் சதாரா, 1854-ல் ஜான்சி, நாக்பூர். நாக்பூர் அரண்மனையின் நகையும் யானையும் குதிரையும் ஏலத்துக்கு வந்தன. தஞ்சாவூர் ராணிகளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1856 அக்டோபரில் அவர்கள் முறையும் வந்தது. போர்ப்ஸ் என்ற கமிஷனர் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் வந்தார். அறைகளுக்கு முத்திரை வைத்தார்கள். காவல் போட்டார்கள். கோட்டை, நிலம், நகை, பண்டபாத்திரம் எல்லாம் கம்பெனி வசம்!

இங்கேதான் விஷயம். ராஜ்யம் போவது வேறு, வீட்டுச் சாமான் போவது வேறு. இதை நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். கூலிக்கு நெய்கிற வீட்டில் பாவும் ஜரிகையும் முதலாளியுடையது. கணக்கு முறிந்தால் தறியில் பாதி நெய்து கிடந்தாலும் அறுத்து எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க முடியாது. ஆனால் அடுப்படியில் இருக்கிற அண்டாவை எடுத்தால்? அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால்? தெருவே திரண்டு வந்து கேட்கும். எங்கள் தெருவில் படிக்காத பாட்டிகூட இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லும். முதலாளி பொருள் வேறு, குடும்பப் பொருள் வேறு.

காமாட்சி பாயும் இதைத்தான் கேட்டாள். "ராஜ்யத்தை எடுத்தீர்கள். என் கணவருடைய சொந்தச் சொத்தை எந்த உரிமையில் எடுத்தீர்கள்? அது மூத்த மனைவியான எனக்குச் சேர வேண்டியது" என்பதுதான் அவளுடைய வழக்கின் சாரம். சென்னையில் அப்போது இருந்தது சுப்ரீம் கோர்ட்டு (உயர்நீதிமன்றம் வந்தது 1862-ல்). அங்கே கம்பெனி மேலேயே வழக்குப் போட்டாள். ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற சென்னை வக்கீல் ராணி பக்கம் உழைத்தார்.

நண்பர்களே, ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு விதவை. எதிர்க்கட்சி நாட்டையே ஆளும் கம்பெனி. கோர்ட்டும் அவர்கள் கோர்ட்டு, சட்டமும் அவர்கள் சட்டம், பாஷையும் அவர்கள் பாஷை. ஜான்சி ராணி லட்சுமிபாயை நாம் எல்லோருக்கும் தெரியும். குதிரை மேல் வாளோடு படம் பார்த்திருக்கிறோம். அவரும் முதலில் மனுதான் எழுதிப் பார்த்தார். ஜான் லாங் என்ற வக்கீலை வைத்து முயன்றார், நடக்கவில்லை, பிறகுதான் வாள். காமாட்சி பாய்க்குக் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. அதனாலோ என்னவோ நம்ம பாடப்புத்தகத்தில் படமும் இல்லை.

சென்னைக் கோர்ட்டில் ராணி ஜெயித்தாள்! ராஜாவின் சொந்தச் சொத்து அவர் வாரிசுக்கே சேரும் என்று தீர்ப்பு. கம்பெனி சும்மா இருக்குமா? மேல்முறையீடு. லண்டனில் பிரிவி கவுன்சில் என்று ஒன்று இருந்தது. இந்தியாவில் இருந்து போகும் வழக்குகளுக்கு அதுதான் கடைசிப் படி. அதற்குள் 1857 கலகம் வந்துவிட்டது. 1858-ல் கம்பெனி ஆட்சியே போய், பிரிட்டிஷ் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அதனால் வழக்கின் பெயரில் கம்பெனிக்குப் பதிலாக "இந்திய அமைச்சர்" என்று இருக்கும். எதிரே ராணி பெயர். ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் அதை "காமாச்சி பாயி சாஹபா" என்று அச்சடித்திருக்கிறார்கள்! சிரிப்பாக இருந்தாலும், நம்ம வீட்டுப் பாட்டி உச்சரிப்பும் "காமாச்சி"தான்.

1859-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் கிங்ஸ்டவுன் பிரபு. ராணி தோற்றாள்.

தோற்ற காரணம்தான் இந்தக் கட்டுரையின் கஷ்டமான இடம். முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன். ஓர் அரசு தன் குடிமகனோடு நடத்தும் காரியம் ஒரு வகை. வரி வாங்குவது, நிலம் எடுப்பது மாதிரி. அதில் தப்பு நடந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், ஏனென்றால் அரசும் சட்டத்துக்கு உட்பட்டே அதைச் செய்கிறது. ஓர் அரசு இன்னோர் அரசோடு நடத்தும் காரியம் வேறு வகை. போர் தொடுப்பது, நாட்டைப் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது. இதில் பலம்தான் பேசும், சட்டம் பேசாது. உள்நாட்டுக் கோர்ட்டுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை. இந்த இரண்டாவது வகைக்கு "அரசுச் செயல்" என்று பெயர். தஞ்சாவூரில் கம்பெனி செய்தது இரண்டாவது வகை, ஒரு ராஜ்யத்தை மொத்தமாக எடுத்துக்கொண்ட செயல், அதில் ராஜாவின் சொந்தச் சொத்தும் சேர்ந்தே போய்விட்டது, அது நியாயமா அநியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்று லண்டனில் சொல்லிவிட்டார்கள். அநியாயமே நடந்திருந்தாலும் அதற்குப் பரிகாரம் தர எந்தக் கோர்ட்டாலும் முடியாது என்கிற அளவுக்குப் போகிறது தீர்ப்பு.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். 1799-லேயே ஆட்சியை வாங்கிவிட்டார்கள். 1855-ல் ராஜாவிடம் படை இல்லை, நாடு இல்லை. கோட்டையும் மான்யமும் பட்டமும்தான். போரும் நடக்கவில்லை. அப்படியிருக்க, அண்டா குண்டானைத் தூக்கும்போது மட்டும் அவர் "இன்னோர் அரசர்" ஆகிவிடுகிறாரே, எப்படி? எங்கள் தெருப் பாட்டியிடம் சொன்னால் "அது என்னடி ஞாயம், பாவு அறுக்க வந்தவன் அண்டாவையும் தூக்கிட்டு, நான் ராஜாங்கம்னு சொன்னா ஆச்சா?" என்றுதான் கேட்கும்.

அந்தத் தீர்ப்பு அதோடு போய்விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்தபோது, பழைய ராஜா எங்களுக்குக் கொடுத்த உரிமை செல்லுமா செல்லாதா என்று வழக்குகள் வந்தன. அவற்றில் தஞ்சாவூர் ராணி வழக்கைத்தான் மேற்கோள் காட்டி வாதாடினார்கள். இன்றும் சட்டக்கல்லூரியில் இந்த வழக்கைப் படிக்காமல் "அரசுச் செயல்" பாடத்தைத் தாண்ட முடியாது. மாணவர்கள் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அது தஞ்சாவூர்ப் பொம்பளை ஒருத்தி பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சரி, அண்டா திரும்பி வந்ததா? வந்தது. வழக்கில் தோற்றாலும் விஷயம் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. 1862-ல் அரசாங்கமே இறங்கி வந்து, ராஜாவின் சொந்தச் சொத்தை அவர் வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்தது. தீர்ப்பாகத் தராததைத் தயவாகத் தந்தார்கள். காமாட்சி பாய் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தயவும் வந்திருக்காது என்பது என் எண்ணம். நாக்பூருக்கு நடந்தது தஞ்சாவூருக்கும் நடந்திருக்கும்.

சொத்து வந்ததும் அடுத்த வழக்கு! சிவாஜி ராஜாவுக்கு ராணிகள் பலர். மூத்தவள் காமாட்சி பாய் ஒருத்திக்கே எல்லாம் சேருமா, எங்களுக்குப் பங்கு இல்லையா என்று மற்ற ராணிகள் கிளம்பிவிட்டார்கள். இந்த முறை காமாட்சி பாய் எதிர்க்கட்சி. சென்னை உயர்நீதிமன்றம் 1868-ல் தீர்ப்புச் சொன்னது. ஒருவருக்குப் பல மனைவிகள் இருந்தால் சொத்து எல்லோருக்கும் சேர்ந்தே உரிமை, ஒருத்தி காலமானால் அவள் பங்கு மற்றவர்களுக்குப் போகும் என்று. கம்பெனியோடு மோதியவளை நான் வானளாவப் புகழ்ந்துகொண்டே வந்தேன். இங்கே எனக்கு இளைய ராணிகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ராணியாக இருந்தாலும் பங்கு பங்குதானே. இந்தத் தீர்ப்பும் இந்துச் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆக, காமாட்சி பாய் பெயரில் இரண்டு தீர்ப்பு. இரண்டிலும் அவள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டும் நிலைத்துவிட்டன.

தஞ்சாவூருக்குக் கல்விச் சுற்றுலா போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அரண்மனைக்கும் போங்கள். போர்ப்ஸ் முத்திரை வைத்த அதே அரண்மனை வளாகத்தில்தான் சரஸ்வதி மகால் இருக்கிறது. 1918 முதல் அது பொது நூலகம். அங்கிருந்து மேல ராஜ வீதிக்கு நடந்தே போகலாம். பங்காரு காமாட்சிக்கு இன்றும் புனுகு சாத்துகிறார்கள். தங்கச் சிலையென்று தெரியாமல் கறுத்துத்தான் தெரியும். துரத்திக்கொண்டு யாரும் வரவில்லை என்றாலும், அந்த வேஷத்தை அம்மன் இன்னும் கலைக்கவில்லை.